கிரெனடா: சிறு தீவும் பெரிய சொற்களும்

கரீபியன் இலக்கியம், கரீபியன் அரசியல் என்று பேச்சு வந்தால் நம்மிடையே சில பெயர்கள் உடனே விழும். ஃபனோன், செசேர், வால்காட், நய்ப்பால். நாடு என்று கேட்டால் கியூபா, ஹெய்ட்டி. அதற்கு மேல் போவதில்லை. வால்காட் பிறந்த செயின்ட் லூசியாவே வரைபடத்தில் ஒரு பென்சில் முனைக்கு அடியில் மறைந்துபோகிற தீவுதான் என்பதைக்கூட நாம் அவ்வளவாக யோசித்ததில்லை. அந்தத் தீவு வரிசையில் இன்னும் தெற்கே, வெனிசுவேலாக் கரையிலிருந்து சுமார் 160 கி.மீ. வடக்கே கிடக்கிறது கிரெனடா. ஸ்பெயினில் இருக்கும் கிரனாடாவோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். தீவுக்காரர்கள் தங்கள் ஊரைக் ‘கிரெனேடா’ என்று இழுத்துச் சொல்கிறார்கள்.

ஏன் கிரெனடா? ஒரு நாட்டை ‘அறிமுகப்படுத்துவது’ என்றால் பரப்பளவு, தலைநகரம், ஏற்றுமதி என்று பள்ளிக்கூடப் புத்தக வழியில் போய் முடிந்துவிடும். அதையும் தருகிறேன். ஆனால் எனக்கு அக்கறை வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு லட்சம் பேர் வாழ்ந்த இடத்தில் நடந்த இடதுசாரிப் புரட்சி ஒன்று, நாலரை வருஷம் கழித்துத் தன்னைத்தானே சுட்டுக்கொண்டது. சுட்ட ஆறாவது நாள் அமெரிக்க ராணுவம் வந்து இறங்கியது. வந்தவர்களை அந்த மக்களில் கணிசமானவர்கள் வரவேற்றார்கள். இந்த மூன்று வாக்கியங்களில் நடுவிலிருப்பதை மட்டும் சத்தமாகச் சொல்லிவிட்டு மற்ற இரண்டையும் மென்று விழுங்குவது நமக்கு வசதியாக இருக்கிறது. மூன்றையும் ஒரே மூச்சில் வாசிக்க முடியுமா என்பதுதான் இக்கட்டுரையின் கேள்வி.

*

கிரெனடா, கரியாகூ, பெட்டி மார்ட்டினிக் என்ற மூன்று தீவுகள் சேர்ந்தது இந்நாடு. மூன்றும் சேர்த்தே 344 சதுர கி.மீ. மக்கள்தொகை ஒரு லட்சத்துச் சொச்சம். எரிமலை எழுப்பிய மண், நடுவில் மழைக்காடு, ஓரமெல்லாம் மணல். தலைநகரம் செயின்ட் ஜார்ஜஸ், துறைமுகத்தைச் சுற்றி மேட்டில் ஏறிப்போகிற சிறிய ஊர். 1974 பிப்ரவரி 7இல் பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்றது. ஆனாலும் நாட்டின் தலைவர் இன்றும் இங்கிலாந்து மன்னர்தான். நாணயம் கிழக்குக் கரீபிய டாலர், 1976 முதல் ஓர் அமெரிக்க டாலருக்கு 2.70 என்று கட்டிப்போட்டது போட்டபடி நிற்கிறது. ஆட்சிமொழி ஆங்கிலம். வீட்டிலும் சந்தையிலும் பேசுவது ஆங்கிலக் கிரியோல். அதற்கும் முந்தைய பிரெஞ்சுக் கிரியோல், பட்வா என்பார்கள், கிழவர் கிழவிகள் வாயில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கொடியிலேயே ஜாதிக்காயை வரைந்துவைத்திருக்கிற நாடு இது. நம் வீடுகளில் குழந்தைக்கு உரசிக் கொடுக்கிற அதே ஜாதிக்காய்தான். அது அந்த மண்ணின் மரம் இல்லை. இந்தோனேசியாவின் பண்டாத் தீவுகளுக்குச் சொந்தமானது. அந்தத் தீவுகளை முழுசாகப் பிடிப்பதற்காக 1621இல் டச்சுக் கம்பெனிக்காரர்கள் அங்கிருந்த மக்களைக் கொன்று தீர்த்த கதை தனி. நெப்போலியன் காலத்துச் சண்டையில் பிரிட்டிஷார் அங்கிருந்து கன்றுகளைத் தூக்கிக்கொண்டு போய்த் தங்கள் காலனிகளில் நட்டார்கள். 1843 வாக்கில் கிரெனடாவுக்கு வந்தது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. அடிமைமுறை ஒழிந்து சர்க்கரை விழுந்த நேரம் அது. கரும்புக்குப் பெரிய எஸ்டேட் வேண்டும், கங்காணி வேண்டும், சாட்டை வேண்டும். ஜாதிக்காய்க்கும் கோகோவுக்கும் துண்டு நிலமும் ஒரு குடும்பமும் போதும். அதனால் இந்தத் தீவில் சிறு விவசாயிகள் என்ற ஒரு வர்க்கம் காலூன்றியது. இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் கட்சிக்காரர்கள் வந்து இவர்களைப் புத்தகத்தில் படித்த ஒரு பெயரால் கூப்பிடுவார்கள்.

1498இல் கொலம்பஸ் தன் மூன்றாவது பயணத்தில் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு ஒரு பெயர் வைத்துப் போனான். அடுத்த நூற்றைம்பது வருஷம் கரீப் மக்கள் ஐரோப்பியர்களை உட்கார விடவில்லை. 1649இல் மார்ட்டினிக்கிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் வந்தார்கள். கத்தியும் பாசிமணியும் கொடுத்து நிலம் ‘வாங்கினார்கள்’. பிறகு சண்டை. வடகோடியில் ஒரு செங்குத்தான பாறைவரை துரத்தப்பட்ட கரீப்கள் பிடிபடாமல் கடலில் குதித்துச் செத்தார்கள் என்று வரலாறு சொல்கிறது. அந்த ஊருக்கு இன்றும் சோட்டேர்ஸ் என்றுதான் பெயர். பிரெஞ்சில் ‘குதித்தவர்கள்’. இந்தக் கதையை நமக்குச் சொல்வது யார் என்று கேட்க வேண்டும். துரத்தியவர்களின் பாதிரிகளும் எழுத்தர்களும்தான். குதித்தவர்கள் தரப்பில் ஒரு பிரதியும் இல்லை. எத்தனை பேர், ஏன் குதித்தார்கள், குதித்தார்களா தள்ளப்பட்டார்களா, எல்லாமே துரத்தியவனின் வாக்குமூலம். கொலையைத் தற்கொலையாகவும் தற்கொலையை வீரமாகவும் எழுதிக்கொள்ள முடிகிற இடத்தில் அவன் இருந்தான். கிரெனடாவின் வரலாறு முழுக்கவே ஆவணம் யார் கையில், உடல் எங்கே என்ற இரண்டு கேள்விகளுக்கிடையே ஓடுவதாக எனக்குப் படுகிறது.

1763இல் தீவு பிரிட்டிஷார் கைக்குப் போயிற்று. 1779இல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தார்கள். 1783இல் மறுபடியும் பிரிட்டிஷ். பிரெஞ்சு பேசிய கத்தோலிக்கர்கள், அவர்களில் ‘சுதந்திர நிறத்தவர்’ எனப்பட்ட கலப்பின மக்கள், சொந்த ஊரிலேயே இரண்டாந்தரம் ஆனார்கள். அவர்களில் ஒருவன் ஜூலியன் ஃபெடோன். பெல்விடேர் என்ற எஸ்டேட்டின் முதலாளி, அடிமைகளை வைத்திருந்தவன். ஹெய்ட்டியின் நெருப்பும் பிரெஞ்சுப் புரட்சியின் சொற்களும் தீவுக்குத் தீவு பரவிக்கொண்டிருந்த 1795 மார்ச்சில் இவன் தலைமையில் கலகம் வெடித்தது. அடிமைகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். துணை ஆளுநர் நினியன் ஹோம் உட்பட 48 பிணைக்கைதிகள் மலைமேல் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஏறத்தாழ பதினைந்து மாதம், தலைநகரம் நீங்கலாகத் தீவின் பெரும்பகுதி கலகக்காரர்கள் கையில் இருந்தது. 1796 ஜூனில் பிரிட்டிஷ் படை கலகத்தை நசுக்கியது. ஃபெடோன் மட்டும் அகப்படவில்லை. படகில் தப்பும்போது மூழ்கிப்போனான், டிரினிடாட் போய்விட்டான், கியூபாவில் இருந்தான் என்று பல கதை. உடல் கிடைக்கவே இல்லை.

1834இல் சட்டப்படியும் 1838இல் நடைமுறையிலும் அடிமைமுறை முடிந்தது. தோட்டங்களுக்கு ஆள் வேண்டும் என்று கல்கத்தாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலேற்றினார்கள். 1857 மே 1இல் ‘மெய்ட்ஸ்டோன்’ என்ற கப்பல் 287 பேரை இறக்கியது. ஏறியவர்களில் பலர் கடலிலேயே செத்துப்போயிருந்தார்கள். அடுத்த முப்பது சொச்சம் வருஷத்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். டிரினிடாடிலும் கயானாவிலும் நடந்ததுபோல இங்கே அவர்கள் தனிச் சமூகமாகத் திரளவில்லை. சிலர் திரும்பினார்கள், பலர் டிரினிடாட் போனார்கள், மிஞ்சியவர்கள் கிறிஸ்தவர்களாகி மொழியை இழந்து கரைந்தார்கள். கரியாகூவிலோ நேர்மாறாக, ‘பிக் டிரம்’ என்ற பெருமுரசு ஆட்டத்தில் குரோமான்டி, இக்போ, மாண்டிங்கோ என்று இன்ன தாளம் இன்ன ஆப்பிரிக்க இனத்தாருடையது என இன்றைக்கும் பிரித்துச் சொல்கிறார்கள்.

கார்னிவல் விடியலில் ‘ஜாப் ஜாப்’ என்று ஓர் ஆட்டம் உண்டு. உடம்பெல்லாம் கறுப்பு எண்ணெய் பூசி, தலையில் மாட்டுக் கொம்பு வைத்து, சங்கிலியை இழுத்துக்கொண்டு தெருவில் இறங்குவார்கள். நீ என்னைப் பிசாசு என்றாய், சரி, இதோ பிசாசு, பார் என்பதுதான் அதன் வாதம். மற்றமையை உற்பத்தி செய்தவன் முன்னால் அந்த மற்றமையே எண்ணெய் சொட்டச் சொட்ட வந்து நிற்பது. கோட்பாட்டாளர்கள் பத்துப் பக்கம் எழுதிச் சொல்வதை அவர்கள் ஒரு காலைப்பொழுதில் ஆடி முடித்துவிடுகிறார்கள்.

*

இருபதாம் நூற்றாண்டுக்கு வருவோம். இந்தச் சின்னத் தீவு வெளியே அனுப்பிய ஆட்களின் பட்டியல் ஆச்சரியமானது. 1937இல் டிரினிடாட் எண்ணெய் வயல் வேலைநிறுத்தத்தை நடத்திய யூரியா பட்லர், மால்கம் எக்ஸின் தாய் லூயிஸ், கலிப்ஸோ பாடகர் மைட்டி ஸ்பாரோ. ஆட்ரி லார்டின் தாய் கரியாகூக்காரர்.

உள்ளே மிஞ்சிய அரசியலில் முதல் பெரிய பெயர் எரிக் கெய்ரி. அரூபாவின் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி, 1950இல் தொழிற்சங்கம் கட்டி, 1951இல் தோட்டத் தொழிலாளர்களைத் திரட்டி வேலைநிறுத்தம் செய்தார். எஸ்டேட் கட்டடங்கள் எரிந்து வானம் சிவந்ததால் அந்த நாட்களுக்கே ‘செவ்வானம்’ என்று பெயர். பிரிட்டிஷார் போர்க்கப்பலை அனுப்பினார்கள், கெய்ரியைப் பிடித்துக் கரியாகூவில் அடைத்தார்கள், பிறகு அவரிடமே பேசிக் கூலியை உயர்த்தினார்கள். இந்த மனிதரை வெறும் கோமாளியாகக் கடந்துவிடுவது இடதுசாரிகளின் வழக்கம். பின்னாளில் அவர் கோமாளியாகவும் கொடுங்கோலராகவும் ஆனார் என்பது உண்மை. ‘மங்கூஸ் கேங்’ என்ற அடியாட்படையை வைத்துக்கொண்டார். விடுதலை பெற்ற நாட்டின் பிரதமராக ஐ.நா. சபையில் நின்று பறக்கும் தட்டுகளை ஆராய வேண்டும் என்று பேசினார். ஆனால் படிக்காத ஒரு கிராமத்துப் பெண் தன் மொழியில் பேசுகிற தலைவன் என்று முதன்முதலாக நம்பியது கெய்ரியைத்தான். மத்தியதர வர்க்கம் அவரை வெறுத்ததில் அந்த மொழிமீதான வெறுப்பும் கலந்திருந்தது. அடுத்து வந்தவர்கள் வெளிநாட்டில் படித்தவர்கள்.

மாரிஸ் பிஷப் லண்டனில் சட்டம் படித்து 1970இல் திரும்பியவர். 1973 மார்ச்சில் இரண்டு சிறு இயக்கங்கள் சேர்ந்து ‘நியூ ஜூவல் இயக்கம்’ ஆனது. அந்த நவம்பரில் கிரென்வில் ஊரில் போலீஸ் அவர்களை மண்டை உடைய அடித்தது. 1974 ஜனவரி 21இல், விடுதலைக்கு இரண்டு வாரம் முன்பு, ஓர் ஆர்ப்பாட்டத்தின்போது பிஷப்பின் தந்தை ரூபர்ட் போலீசாரால் சுட்டுக் கொல்லப்பட்டார். 1979 மார்ச் 13 அதிகாலையில், கெய்ரி நியூயார்க் போயிருந்த நேரம், நாற்பது சொச்சம் பேர் ட்ரூ ப்ளூ ராணுவ முகாமைப் பிடித்தார்கள், பிறகு வானொலி நிலையத்தைப் பிடித்தார்கள். வானொலியில் பிஷப் கூப்பிட, ஜனங்கள் ஊருக்கு ஊர் போலீஸ் ஸ்டேஷனில் வெள்ளைக்கொடி ஏற்ற வைத்தார்கள். மிகக் குறைந்த ரத்தத்தில் முடிந்த காரியம். ஆங்கிலம் பேசும் கரீபியனில் அரசைக் கைப்பற்றிய முதல் புரட்சி. ஜனங்கள் அதைச் செல்லமாக ‘ரெவோ’ என்றார்கள்.

நாலரை வருஷத்தில் ரெவோ என்ன செய்தது? மேல்நிலைப் பள்ளிக்குக் கட்டணம் போயிற்று. சம்பளத்தோடு பேறுகால விடுப்பு சட்டமானது. கியூப மருத்துவர்கள் வந்தார்கள். வேலையின்மை 49 சதவீதத்திலிருந்து 14ஆக இறங்கியதாக அரசு கணக்குச் சொன்னது. 1980இல் வயது வந்தோர் கல்வி இயக்கம் தொடங்கியது. பாவ்லோ ஃப்ரெய்ரே நேரில் வந்து ஆசிரியர்களோடு உட்கார்ந்து பேசினார். கிராமந்தோறும் கூட்டங்கள். 1982இல் அரசு வரவுசெலவுத் திட்டத்தை அந்தக் கூட்டங்களில் வைத்து விவாதித்தார்கள். சாலைக்கு ஏன் இவ்வளவு, தண்ணீர்க் குழாய்க்கு ஏன் இவ்வளவு குறைவு என்று மீன் விற்கிற பெண் மந்திரியைக் கேட்டாள். என்ன மொழியில்? கிரியோலில். இதுதான் எனக்கு முக்கியம். டிரினிடாட் நாவலாசிரியர் மெர்ல் ஹாட்ஜ் அங்கே வந்து ஆசிரியப் பயிற்சியில் வேலை செய்தார். குழந்தை வீட்டில் பேசுவது ‘தப்பான ஆங்கிலம்’ அல்ல, அது தனி இலக்கணம் உள்ள மொழி என்று ஆசிரியர்களுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. அவரும் கிறிஸ் சேர்லும் சேர்ந்து 1981இல் கொண்டுவந்த புத்தகத்தின் தலைப்பே கிரியோல் வாக்கியம்: ‘இஸ் ஃப்ரீடம் வீ மேக்கிங்’. நம் பேச்சில் சொன்னால் ‘நாங்க பண்ணிட்டிருக்கிறது விடுதலை’. சேர்ல் அந்த நாட்டின் மொழியையும் புரட்சியையும் பற்றித் தனியாகவே ஒரு நூல் எழுதினார். கூட்டம் என்றால் யாராவது எழுந்து கவிதை சொல்வார்கள். மெர்ல் காலின்ஸ் அப்படி வந்தவர்தான். அவருடைய 1987ஆம் ஆண்டு நாவல் ‘ஏஞ்சல்’ கெய்ரி காலத்திலிருந்து படையெடுப்புவரை ஒரு குடும்பத்தின் பேச்சுமொழியிலேயே நகர்கிறது.

இனி மறுபக்கம். தேர்தல் நடத்தவில்லை. ‘டார்ச்லைட்’ பத்திரிகையை முதல் வருஷமே மூடினார்கள். விசாரணையின்றிச் சிறையில் வைக்கப்பட்டவர்கள் பலர். 1980 ஜூனில் ஒரு பொதுக்கூட்ட மேடைக்கடியில் குண்டு வெடித்து மூன்று இளம்பெண்கள் இறந்தபிறகு பிடி இன்னும் இறுகியது. அமெரிக்க மிரட்டல் நிஜம்தான். ஆனால் எந்த அடக்குமுறைக்கும் அதையே காரணம் காட்டலாம் என்ற வசதியும் அதோடு கூடவே வந்தது. 1980 ஜனவரியில் ஆப்கானிஸ்தானில் சோவியத் படை நுழைந்ததை ஐ.நா. கண்டித்தபோது எதிர்த்து வாக்களித்த 18 நாடுகளில் கிரெனடாவும் ஒன்று. ஒரு சின்ன நாட்டுக்குள் பெரிய நாட்டின் படை நுழைவதைச் சரி என்று கையைத் தூக்கிய சின்ன நாடு. மூன்றே முக்கால் வருஷத்தில் அதன் முறை வந்தது.

*

இப்போது இன்னொரு மொழியைப் பார்க்க வேண்டும். கட்சியின் முழு உறுப்பினர்கள் நூறு பேர்கூட இல்லை. அவர்களுடைய மத்தியக் குழு கதவைச் சாத்திக்கொண்டு பேசியது. 1983 செப்டம்பரில் நடந்த அக்கூட்டங்களின் குறிப்புகள் இன்று படிக்கக் கிடைக்கின்றன. சாலைகள் மோசம், பெண்கள் அமைப்பு தளர்ந்துவிட்டது, உறுப்பினர்கள் களைத்து நோயில் விழுகிறார்கள் என்று நிஜமான பிரச்சினைகளோடுதான் பேச்சு தொடங்குகிறது. ஆனால் நாலு பக்கம் போவதற்குள் பிஷப்பிடம் லெனினிய ஒழுங்கு இல்லை, சித்தாந்தத் தெளிவு இல்லை, உத்தியில் கூர்மை இல்லை என்று தீர்ப்பு வந்துவிடுகிறது. தீர்வு, பிஷப்பும் துணைப் பிரதமர் பெர்னார்ட் கோர்டும் சேர்ந்து கூட்டுத் தலைமை. பிஷப் முதலில் ஒத்துக்கொண்டார், பிறகு தயங்கினார். அந்தத் தயக்கத்துக்கும் ஒரு பெயர் தயாராக இருந்தது: குட்டி முதலாளியம். ஜாதிக்காய்த் துண்டு நிலத்துக்காரர்களுக்கும் அதே பெயர்தான். படித்துக்கொண்டே போகிறபோது ஒரு லட்சம் பேருள்ள தீவின் பேச்சு என்ற உணர்வே வருவதில்லை. 1903இன் ரஷ்யக் கட்சி மாநாட்டை யாரோ நாடகம் போட்டுக்கொண்டிருப்பதுபோல இருக்கிறது. வெளியே மீன்காரிக்கு இதில் ஒரு சொல்லும் தெரியாது. தலைவர்களுக்குள் சண்டை என்பதே அவளுக்கு அக்டோபரில்தான் தெரியும்.

கோர்ட் யார் என்பதையும் சொல்ல வேண்டும். 1971இல் லண்டனில் ஆசிரியராக இருந்தபோது, பிரிட்டிஷ் பள்ளிகள் மேற்கிந்தியக் குழந்தைகளின் பேச்சைப் புரிந்துகொள்ளாமல் அவர்களை எப்படி ‘மந்தபுத்தி’ என்று முத்திரை குத்தித் தனிப் பள்ளிக்குத் தள்ளுகின்றன என்று ஒரு சின்னப் புத்தகம் எழுதியவர். இன்றைக்கும் மறுபதிப்பு வருகிற புத்தகம் அது. முத்திரைச் சொல் ஒரு குழந்தையை என்ன செய்யும் என்று இவரைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் குறைவு. அதே மனிதர் இருந்த குழுதான் பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்துத் தோழர்களின் நெற்றியில் முத்திரை குத்திக்கொண்டிருந்தது. இதை ஒரு தனிமனிதரின் வில்லத்தனமாகப் படித்து முடித்துக்கொள்ள நான் தயாரில்லை. அந்த மொழி பிஷப்பின் வாயிலும் இருந்தது. அவரும் அதே குழுவின் தலைவர். அந்தச் சொற்களால் தன்னைக் குற்றம் சாட்டியபோது அதற்கு வெளியே நின்று பதில் சொல்ல அவரிடம் வேறு சொல் இருக்கவில்லை.

அக்டோபர் நடுவில் பிஷப் வீட்டுக்காவலில் வைக்கப்பட்டார். 19ஆம் தேதி புதன்கிழமை ஆயிரக்கணக்கான ஜனங்கள், பள்ளிச் சீருடையில் பிள்ளைகள் உட்பட, காவலைத் தள்ளிக்கொண்டு போய் அவரை வெளியே கொண்டுவந்தார்கள். கூட்டம் துறைமுகத்துக்கு மேலிருக்கும் கோட்டைக்குப் போயிற்று. பிரெஞ்சுக்காரர்கள் கட்டி, பிரிட்டிஷார் ஜார்ஜ் பெயர் வைத்து, ரெவோ அதைப் பிஷப்பின் தந்தை பெயரால் ரூபர்ட் கோட்டை ஆக்கியிருந்தது. கவச வண்டிகள் வந்தன. சுட்டார்கள். தப்பிக்க வழியில்லாமல் ஜனங்கள் கோட்டைச் சுவரிலிருந்து குதித்தார்கள். சோட்டேர்ஸ் பாறையிலிருந்து நேர்த் தூரத்தில் முப்பது கி.மீ. இருக்காது. இந்த முறை துரத்தியது சொந்தப் புரட்சியின் ராணுவம். பிஷப், கல்வி அமைச்சர் ஜாக்குலின் கிரெஃப்ட், வெளியுறவு அமைச்சர் யூனிசன் ஒயிட்மன், தொழிற்சங்கத் தலைவர் ஃபிட்ஸ்ராய் பெய்ன் உட்பட எட்டுப் பேரை முற்றத்துச் சுவரோரம் நிறுத்திச் சுட்டுக் கொன்றார்கள். அன்றிரவு வானொலியில் ராணுவத் தளபதி ஹட்சன் ஆஸ்டின் ஊரடங்கு அறிவித்தார். வெளியே வந்தால் சுடப்படும். நாலு நாள் ஒரு நாடு முழுக்க வீட்டுக்குள். அமெரிக்க விமானங்களின் சத்தம் கேட்டபோது அந்த ஜனங்களின் மனசில் என்ன இருந்திருக்கும் என்று யோசிக்காமல் அவர்களை ‘ஏமாற்றப்பட்டவர்கள்’ என்று நாம் எழுதக்கூடாது.

25ஆம் தேதி படை இறங்கியது. இரண்டு நாள் முன்னால் பெய்ரூட்டில் 241 அமெரிக்கப் படையினர் குண்டுவெடிப்பில் இறந்திருந்தார்கள். காரணமாகச் சொன்னது அங்கிருந்த மருத்துவக் கல்லூரி அமெரிக்க மாணவர்களின் பாதுகாப்பு, கிழக்குக் கரீபிய நாடுகளின் அழைப்பு. டொமினிக்காவின் பிரதமர் யூஜீனியா சார்ல்ஸ் ரீகன் பக்கத்தில் நின்று சாட்சி சொன்னார். உள் காரணம் பழையது. அந்த மார்ச்சில்தான் ரீகன் தொலைக்காட்சியில் கிரெனடாவின் புதிய விமான நிலையத்தை வானிலிருந்து எடுத்த படத்தைக் காட்டி, இவ்வளவு நீள ஓடுபாதை சோவியத் விமானத்துக்குத்தான் என்றார். கியூபத் தொழிலாளர்கள் கட்டியது நிஜம். கூடவே ஒரு பிரிட்டிஷ் கம்பெனியும் கட்டியது, பெரிய சுற்றுலா விமானம் இறங்க இடமில்லாத தீவு அது. முதல் இரண்டு நாளும் பத்திரிகைக்காரர்களை உள்ளே விடவில்லை. அமெரிக்கர்கள் 19 பேர், கியூபர்கள் இருபதுக்கும் மேல், கிரெனடாக்காரர்கள் 45 பேர் இறந்தார்கள். மனநோய் மருத்துவமனைமேல் விழுந்த குண்டில் செத்த நோயாளிகள் மட்டும் பதினைந்துக்கும் மேல். பிறகு அமெரிக்க ராணுவம் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பதக்கங்களை விநியோகித்தது. ஐ.நா. பொதுச்சபை நவம்பர் 2இல் 108க்கு 9 என்ற வாக்கில் கண்டித்தது. அந்த மாதமே டெல்லியில் கூடிய காமன்வெல்த் மாநாட்டில் இந்திரா காந்தி முன்னிலையில் கரீபியத் தலைவர்கள் இதே விஷயத்தில் இரண்டாகப் பிரிந்து நின்றார்கள்.

நடந்ததை என்னவென்று சொல்வது? ‘படையெடுப்பு’ என்று சொன்னால் தீவில் ஒரு சாரார் முகம் சுளிப்பார்கள். ‘மீட்பு’ என்றால் இன்னொரு சாரார். ‘தலையீடு’ என்பது இருவருக்கும் நடுவே ஒதுங்கிக்கொள்ளக் கிடைத்த சொல். ஷாலினி பூரி 2014இல் வெளியிட்ட ஆய்வு இந்தப் பெயர்ச் சிக்கலுக்குள் பொறுமையாகப் போகிறது. நான் படையெடுப்பு என்றே எழுதுகிறேன், ஏனென்றால் அது படையெடுப்பு. ஆனால் அந்தச் சொல் அக்டோபர் 19ஐ மறைக்கிற திரையாகிவிடும்போது அதை நான் சந்தேகிக்கிறேன். கியூபா அப்படி மறைக்கவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். மறுநாளே ஹவானா அந்தக் கொலையைக் கண்டித்து மூன்று நாள் துக்கம் அறிவித்தது. நம் பக்கத்துக் கட்சிப் பத்திரிகைகளிலும் அந்தக் கண்டனத்தைத் தேடலாம்.

நய்ப்பால் தீவுக்குப் போய்வந்து எழுதிய ஒரு கட்டுரை 1984இல் வெளியானது. அவர் கண்ணுக்கு எல்லாமே இரவல் சொற்கள். புத்தகத்தில் எடுத்த சொல்லை வைத்துத் தங்களைப் பெரிதாக்கிக்கொள்ளப் பார்த்த சின்ன ஊர்க்காரர்கள், அவ்வளவுதான். பாதி சரி என்பதால்தான் அந்தக் கட்டுரை எரிச்சலூட்டுகிறது. மத்தியக் குழுவின் மொழிக்கு அவர் சொல்வது பொருந்தும். ஆனால் அங்கே இரண்டு மொழி இருந்தது. பட்ஜெட்டைக் கேள்வி கேட்ட மீன்காரியின் மொழி யாரிடமும் இரவல் வாங்கியதல்ல. அதை அவர் கேட்கவில்லை, அல்லது கேட்டும் அது மொழியாக அவருக்குப் படவில்லை. ஆட்ரி லார்ட் 1983 டிசம்பரில் தன் தாயின் நாட்டுக்குப் போய்வந்து எழுதியது இதற்கு நேர் எதிர் வாசிப்பு. கனடாவின் டியோன் பிராண்ட் குண்டு விழுந்தபோது தீவிலேயே இருந்தார், 1984இல் கவிதைத் தொகுப்பொன்றைக் கொண்டுவந்தார். மூவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தமிழில் யாராவது மொழிபெயர்த்தால் நல்லது.

*

ஆவணமும் உடலும் என்று சொன்னேன். போகும்போது அமெரிக்க ராணுவம் அரசின், கட்சியின் காகிதங்களை டன் கணக்கில் வாஷிங்டனுக்கு எடுத்துப்போயிற்று. நான் மேலே சொன்ன கூட்டக் குறிப்புகளும் அங்கே தேர்ந்தெடுத்து அச்சிடப்பட்டவைதான். கிரெனடாக்காரன் தன் புரட்சி என்ன பேசியது என்று தெரிந்துகொள்ள அதைக் கவிழ்த்தவனின் நூலகத்துக்குப் போக வேண்டும். பிஷப்பின் உடலையும் மற்றவர்கள் உடல்களையும் கொன்றவர்கள் ஒரு முகாமில் எரித்துப் புதைத்தார்கள். அங்கிருந்து அமெரிக்கப் படை சில எச்சங்களைத் தோண்டி எடுத்துப் பரிசோதித்தது. அவை யாருடையவை என்பது உறுதியாகவில்லை. குடும்பங்களுக்கு இன்றுவரை எதுவும் கிடைக்கவில்லை. 2000ஆம் ஆண்டை ஒட்டி, பிஷப் படித்த அதே பள்ளியின் மாணவர்கள், சம்பவத்தின்போது பிறந்தே இராத பிள்ளைகள், உடல்கள் எங்கே என்று ஊர் ஊராகப் போய் விசாரித்து எழுதினார்கள். டேவிட் ஸ்காட் 2014இல் எழுதிய நூலில் இந்தத் தலைமுறைப் பிரச்சினையை எடுத்துக்கொள்கிறார். எதிர்காலம் முறிந்துபோன பிறகு பிறந்தவர்களுக்கு அந்த எதிர்காலம் ஞாபகமாகக்கூட வாய்க்கவில்லை என்பது அவர் கவலை.

கொலைக்காகத் தண்டிக்கப்பட்டவர்கள் ‘கிரெனடா 17’ என்று அறியப்பட்டார்கள். 1986இல் கோர்ட் உட்பட 14 பேருக்கு மரண தண்டனை. 1991இல் அது ஆயுளாயிற்று. விசாரணை முறையாக நடக்கவில்லை என்று 2003இல் ஆம்னஸ்டி அறிக்கை வெளியிட்டது. சித்திரவதை செய்து வாக்குமூலம் வாங்கியதாகக் கைதிகள் சொன்னார்கள். 2007இல் லண்டன் பிரிவி கவுன்சில் தலையிட, 2009 செப்டம்பரில் கடைசி ஏழு பேரும், கோர்டும் அவர்களில் ஒருவர், வெளியே வந்தார்கள். அதே 2009 மே மாதம் அந்த விமான நிலையத்துக்கு மாரிஸ் பிஷப் பெயர் சூட்டப்பட்டது. சூட்டிய பிரதமர் டில்மன் தாமஸ், ரெவோ காலத்தில் விசாரணையின்றிச் சிறையில் கிடந்தவர். படையெடுப்பு நாளான அக்டோபர் 25 நன்றி செலுத்தும் நாளாக விடுமுறை. 2023 முதல் அக்டோபர் 19ம் தேசிய வீரர்கள் நாளாக விடுமுறை. ஆறு நாள் இடைவெளியில் இரண்டு விடுமுறை, இரண்டு வரலாறு.

இன்றைய நிலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சுற்றுலா, அதே மருத்துவக் கல்லூரி, வெளிநாட்டிலிருந்து வரும் பணம், பிறகு முதலீட்டுக்குக் குடியுரிமை. காசுள்ளவன் கிரெனடா பாஸ்போர்ட் வாங்கிக்கொள்ளலாம். 2004 செப்டம்பரில் ஐவன் புயல் 39 பேரைக் கொன்று பத்தில் ஒன்பது வீட்டைச் சேதப்படுத்தியது. ஜாதிக்காய் மரங்களில் பெரும்பாலானவை சாய்ந்தன. ஜாதிக்காய் நட்டு ஏழெட்டு வருஷம் கழித்துத்தான் காய்க்கத் தொடங்கும், முழுசாகக் காய்க்க இன்னும் பத்து வருஷம். இந்தோனேசியாவுக்கு அடுத்த இடத்திலிருந்த ஊர் அந்த இடத்தை இழந்தது. 2024 ஜூலை 1இல் பெரில் புயல் கரியாகூவையும் பெட்டி மார்ட்டினிக்கையும் ஏறத்தாழ மொத்தமாகத் தட்டையாக்கிவிட்டது. ஐவனுக்குப் பிறகு கடன் மறுசீரமைப்பின்போது, புயல் அடித்தால் தவணையைத் தள்ளிவைக்கலாம் என்று ஒரு நிபந்தனையைக் கிரெனடா பத்திரங்களில் எழுதி வாங்கியிருந்தது. பெரிலுக்குப் பிறகு அதைப் பயன்படுத்தியது. வளர்ந்த நாடுகள் விட்ட புகைக்கு இந்தத் தீவு கொடுக்கிற விலையில் கிடைத்த தள்ளுபடி அது, தவணை தள்ளுபடி மட்டும்தான், கடன் இருக்கிறது.

2025 அக்டோபரில் வெனிசுவேலாவோடு முறுக்கிக்கொண்டிருந்த அமெரிக்கா, ஒரு ராடாரையும் அதை இயக்கும் ஆட்களையும் கொண்டுவந்து நிறுத்த கிரெனடாவிடம் இடம் கேட்டது. கேட்ட இடம் மாரிஸ் பிஷப் விமான நிலையம்.